ஸ்கேனில் தெரிவதும் சிறுநீரில் தெரிவதும்

வயிற்று ஸ்கேன் அறிக்கையில் கல்லீரல், பித்தப்பை, கணையம், மண்ணீரல் எல்லாம் முடிந்த பிறகு சிறுநீரகங்களுக்கு இரண்டு மூன்று வரிகள் வரும். வலது இத்தனை சென்டிமீட்டர், இடது இத்தனை சென்டிமீட்டர். அளவும் வடிவமும் இயல்பு. கல் இல்லை, அடைப்பு இல்லை. என் சித்தப்பா அந்த வரிகளை ஒன்பது ஆண்டுகள் நம்பினார். சர்க்கரை நோய் என்று தெரிந்த நாளிலிருந்து ஆண்டுக்கு ஒரு ஸ்கேன் எடுத்து, மஞ்சள் ஃபைல் ஒன்றில் தேதிவாரியாகக் கோத்து வைத்திருந்தார். யாராவது கிட்னி என்று பேச்செடுத்தால், "நமக்கு அது கிளியர்ப்பா, ரிப்போர்ட் பாக்கறியா?" என்று ஃபைலை எடுத்துவரப் போய்விடுவார். கால் வீங்கி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கி, கடைசியில் ரத்தம் கொடுத்துப் பார்த்த அன்று கிரியாட்டினின் 5.8 இருந்தது. அன்றே ஒரு ஸ்கேனும் எடுத்தார்கள். படத்தில் சிறுநீரகங்கள் வெளுத்துப்போயிருந்தன. நீளம் மட்டும் அப்போதும் 11 சென்டிமீட்டர்.

அந்த ஃபைலைப் பின்னாளில் நிதானமாகப் புரட்டினேன். கடைசி இரண்டு அறிக்கைகளின் நடுவில், சிறுநீரகத்தின் 'கார்டெக்ஸ் எக்கோ சற்று அதிகம்' என்று ஒரு வரி இருந்தது. பக்கத்தின் அடியில் வரும் முடிவுரையில் அது இடம்பெறவில்லை. அதனால் யார் கண்ணிலும் படவில்லை. அதைவிட என்னை வருத்தியது இன்னொன்று. ஒன்பது ஆண்டு ஃபைலில் சிறுநீரில் ஆல்புமின் பார்த்த தாள் ஒன்றுகூட இல்லை.

சித்தப்பாவைப் போல நினைப்பவர்கள் நம்மிடையே ஏராளம். 'ஸ்கேன் நார்மல், அதனால் கிட்னி நார்மல்' என்பது தமிழ்நாட்டு வீடுகளில் கிட்டத்தட்ட ஒரு பழமொழி ஆகிவிட்டது. அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி எவ்வளவு பெரியது என்று பொறுமையாகப் பார்ப்பது நல்லது. சர்க்கரை நோயாளிகளிடம்தான் அந்த இடைவெளி எல்லோரையும்விட அதிகம்.

முதலில் அந்தக் கருவி என்ன செய்கிறது? நம் காது விநாடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். வயிற்றைப் பார்க்கும் ஸ்கேன் கருவி விநாடிக்கு 20 லட்சம் முதல் 50 லட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலியை உள்ளே அனுப்புகிறது. உடலின் மென்மையான திசுக்களில் அந்த ஒலி விநாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. இரண்டு விதமான திசுக்கள் சந்திக்கும் ஒவ்வொரு எல்லையிலும் கொஞ்சம் எதிரொலி திரும்பி வருகிறது. எவ்வளவு நேரத்தில் வந்தது என்பதைக் கொண்டு ஆழத்தையும், எவ்வளவு பலமாக வந்தது என்பதைக் கொண்டு வெளுப்பையும் கருவி கணக்கிட்டு, கறுப்பு வெள்ளைப் படமாக வரைகிறது. தண்ணீர் போன்ற திரவத்தில் எதிரொலி எழாது, அது கறுப்பு. கல் எல்லா ஒலியையும் திருப்பிவிடும். அது பளிச்சென்று வெள்ளை, அதன் பின்னால் ஒரு நிழல். கிளாஸ்கோவில் மகப்பேறு மருத்துவராக இருந்த இயன் டொனால்டு 1958இல் வயிற்றுக் கட்டிகளை இந்த முறையில் பார்த்ததை 'லான்செட்' இதழில் வெளியிட்டார். இன்று கதிர்வீச்சு இல்லாமல், ஊசி இல்லாமல், கொஞ்சம் ஜெல் தடவிக் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் இந்தச் சோதனையின் ஆரம்ப நாட்கள் அவை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 30 லட்சம் அதிர்வுள்ள ஒலியின் ஓர் அலை, உடலுக்குள் அரை மில்லிமீட்டர் நீளம் இருக்கும். அதைவிடச் சிறிய எதையும் அந்த ஒலியால் பிரித்துக் காட்ட முடியாது. சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் வேலையைச் செய்பவை குளோமெருலஸ் என்னும் நுண்ணிய ரத்தக்குழாய் முடிச்சுகள். ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ 10 லட்சம் முடிச்சுகள். ஒவ்வொன்றின் குறுக்களவும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான்.

சர்க்கரை நோய் கைவைப்பது அங்கேதான். வடிகட்டியின் சவ்வு தடிக்கிறது. அதைத் தாங்கிப் பிடிக்கும் செல்கள் உதிர்கின்றன. முடிச்சுக்குள் ரத்தக்குழாய்களுக்கு நடுவிலுள்ள திசு வீங்கி உருண்டை உருண்டையாகத் திரள்கிறது. அந்த உருண்டைகளைக் கிம்மெல்ஸ்டீல், வில்சன் என்ற இருவர் 1936இல் விவரித்தார்கள். அதற்கு நுண்ணோக்கி தேவைப்பட்டது. ஸ்கேன் கருவி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், எடுப்பவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், அந்த முதல் காயங்கள் அதன் கண்ணுக்கு எட்டாதவை.

கிணற்றை எட்டிப் பார்த்தால் உறை இடிந்திருக்கிறதா, தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது, உள்ளே ஏதாவது விழுந்து கிடக்கிறதா என்று சொல்லிவிடலாம். தண்ணீர் உப்பா, நல்ல தண்ணீரா என்று அறிய ஒரு வாளி இறைத்து வாயில் வைத்தாக வேண்டும். ஸ்கேன் எட்டிப் பார்க்கும் வேலை. ரத்தமும் சிறுநீரும் இறைத்துப் பார்க்கும் வேலை.

அளவு விஷயத்தில் சர்க்கரை நோய் இன்னொரு குழப்பமும் செய்கிறது. பெரியவர்களின் சிறுநீரகம் பொதுவாக 9 முதல் 12 சென்டிமீட்டர் நீளம்; இடது பக்கத்தது வலதைவிடச் சற்று நீளம். நாள்பட்ட சிறுநீரக நோய்களில் பெரும்பாலானவை உறுப்பைச் சுருக்கிவிடும். 'கிட்னி சுருங்கிப்போச்சு' என்று ஊரில் சொல்வது அதைத்தான். சர்க்கரை நோயில் கதை தலைகீழாகத் தொடங்குகிறது. ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறியிருக்கும் ஆரம்ப ஆண்டுகளில் சிறுநீரகம் தன் சக்திக்கு மேல் வடிகட்டுகிறது. அந்தக் கூடுதல் வேலையால் பருத்துப் பெரிதாகிறது. பிறகு தழும்பு விழுந்து சுருங்கத் தொடங்கினாலும், பெருத்த நிலையிலிருந்து இறங்கி வருவதால் நெடுங்காலம் 'இயல்பான அளவு' என்ற எல்லைக்குள்ளேயே நிற்கிறது. டயாலிசிஸ் தொடங்கும் நாளில்கூட 11 சென்டிமீட்டர் காட்டும் சிறுநீரகங்கள் சர்க்கரை நோயாளிகளிடம் வழக்கமானவை. பிற நோய்களில் சிறுநீரகம் நன்றாக இருப்பதற்கு ஓரளவு அடையாளமாக நிற்கும் அதே அளவு, இங்கே எந்த உத்தரவாதமும் தராது.

அளவை வைத்து எதிர்ப்பக்கமும் பயப்பட வேண்டியதில்லை. போன ஆண்டு 10.4, இந்த ஆண்டு 9.8, 'சுருங்குகிறதா?' என்று கலங்கிப்போய்க் கேட்பவர்கள் உண்டு. கருவியை வைக்கும் கோணம் சற்று மாறினாலும், மூச்சைப் பிடித்த நேரம் மாறினாலும், எடுப்பவர் மாறினாலும் ஒரு சென்டிமீட்டர் வரை வித்தியாசம் வரும். உயரமானவருக்கு நீளமான சிறுநீரகம், குட்டையானவருக்குச் சிறியது. ஓர் ஆண்டு இடைவெளியில் அரை சென்டிமீட்டர் குறைந்ததற்கு அர்த்தம் தேட வேண்டாம்.

அடுத்தது வெளுப்பு. சிறுநீரகத்தின் வெளிப்பகுதியை கார்டெக்ஸ் என்கிறார்கள். ஸ்கேன் படத்தில் அது பக்கத்திலுள்ள கல்லீரலின் சாயலில், அல்லது அதைவிடச் சற்றுக் கறுப்பாக இருக்க வேண்டும். தழும்பு சேரச் சேர எதிரொலி கூடி வெளுக்கும். உள்பகுதிக்கும் வெளிப்பகுதிக்கும் இடையிலுள்ள எல்லை மங்கும். அறிக்கையில் 'சிஎம்டி மங்கியுள்ளது', 'ரீனல் பேரன்கைமல் மாற்றம், கிரேடு 1', 'மெடிக்கல் ரீனல் டிசீஸ்' என்றெல்லாம் எழுதுவது இதைத்தான். அறுவை சிகிச்சைக்கு உரிய கல், அடைப்பு, கட்டி எதுவுமில்லை, உறுப்பின் திசுவிலேயே மாற்றம் என்பதே 'மெடிக்கல்' என்ற சொல்லின் பொருள்.

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. இதை நோயாளிகளிடம் யாரும் விளக்கிச் சொல்லி நான் கேட்டதில்லை. சிறுநீரகம் வெளுத்ததா என்பதைக் கல்லீரலோடு ஒப்பிட்டுத்தான் சொல்கிறார்கள். சர்க்கரை நோயாளிகளில் மிகப் பலருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கும். கொழுப்பு படிந்த கல்லீரல் ஸ்கேனில் தானே வெள்ளையாகத் தெரியும். வெளுத்த சுவருக்குப் பக்கத்தில் மங்கல் வேட்டியை நிறுத்தினால் வேட்டி அழுக்காகத்தான் தெரியும். அதன் உண்மையான வெளுப்பு தெரியாது. அதேபோல, கொழுப்பு படிந்த கல்லீரலுக்குப் பக்கத்தில் வெளுத்த சிறுநீரகமும் இயல்பாகத் தோன்றிவிடும். அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்ட் மண்ணீரலோடும் ஒப்பிட்டுப் பார்த்து இதைக் கடந்துவிடுவார். அவசரமான ஒரு காலையில், வெளியே இருபது பேர் தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கிக்கொண்டு காத்திருக்கும்போது, எல்லா இடத்திலும் அது நடக்கும் என்று சொல்ல முடியாது.

இந்தக் 'கிரேடு' என்ற சொல் எழுப்பும் பீதியையும் சொல்ல வேண்டும். ஸ்கேன் அறிக்கையின் கிரேடு வேறு. நாள்பட்ட சிறுநீரக நோயின் 1 முதல் 5 வரையிலான நிலைகள் வேறு. முன்னது படத்தின் வெளுப்பைக் கண்ணால் பார்த்து எழுதுவது. பின்னது ரத்தத்திலுள்ள கிரியாட்டினினைக் கொண்டு கணக்கிடும் வடிகட்டும் வேகத்தைப் பொறுத்தது. கிரேடு 1 என்று எழுதியவரின் வடிகட்டும் வேகம் முற்றிலும் சரியாக இருக்கலாம். கருவியின் வெளிச்சத்தைக் கூட்டி வைத்திருந்தால்கூடச் சிறுநீரகம் வெளுப்பாகத் தெரியும். கிரேடு எதுவும் எழுதப்படாதவர் மூன்றாம் நிலையில் இருக்கலாம். அறிக்கையில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் செய்ய வேண்டிய வேலை ஒன்றே: ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின், இரண்டையும் பார்ப்பது. மூலிகைக் கடையில் போய் 'கிட்னி பவுடர்' கேட்பது வேண்டாம். உலோகம் கலந்த பஸ்பங்களும், முட்டிவலிக்குத் தாமாகவே வாங்கிப் போடும் வலி மாத்திரைகளும் கெடுத்த சிறுநீரகங்களைப் பற்றி எந்தச் சிறுநீரக மருத்துவரிடம் கேட்டாலும் சொல்வார்.

டாப்ளர் என்ற ஸ்கேனையும் சிலருக்கு எழுதித் தருகிறார்கள். அது ரத்தம் ஓடும் வேகத்தைப் பார்ப்பது. இதயம் துடிக்கும்போது சிறுநீரகத் தமனியில் உள்ள வேகத்துக்கும் துடிப்புகளுக்கு இடையே உள்ள வேகத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதிலிருந்து 'ரெசிஸ்டிவ் இண்டெக்ஸ்' என்ற எண் கிடைக்கும். பெரியவர்களுக்கு 0.70 வரை இயல்பு என்று கொள்கிறார்கள். சர்க்கரை நோயில் சிறுநீரகம் கெடக் கெட இந்த எண் ஏறுகிறது என்பது உண்மை. ஆனால் வயதானாலும் ஏறும். பெருந்தமனி விறைத்தாலும் ஏறும். இதயத் துடிப்பின் வேகமும் அதை மாற்றும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்ந்து இருபது ஆண்டு கடந்த 65 வயதுக்காரருக்கு 0.75 வந்தால், அது சிறுநீரகம் பேசுகிறதா, ரத்தக்குழாய் பேசுகிறதா என்று பிரிப்பது கடினம். சிகிச்சையை முடிவு செய்யத் துணைச் சான்றாக அது உதவும். நோயைக் கண்டுபிடிக்கும் முதல் சோதனையாக அது உதவாது.

அப்படியானால் சிறுநீரகத்தின் வேலையை எது காட்டுகிறது?

இரண்டு எண்கள். ஒன்று கசிவு, மற்றொன்று வேகம். நல்ல வடிகட்டி ரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதத்தை வெளியே விடாது. சர்க்கரை நோயில் சவ்வு பழுதானதும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசியத் தொடங்கும். சிறுநீரில் ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு எத்தனை மில்லிகிராம் ஆல்புமின் என்று பார்ப்பார்கள். ஏசிஆர் என்று ஆய்வகத்தில் சொன்னால் புரியும். 30க்குக் கீழே இயல்பு. 30 முதல் 300 வரை மிதமான கசிவு. 300க்கு மேல் கடுமையான கசிவு. இந்த முதல் கசிவு தொடங்கும்போது உடலில் எந்த அறிகுறியும் இருக்காது. கால் வீங்காது, சிறுநீர் குறையாது, நுரைகூடத் தெரியாமல் இருக்கலாம். சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையில் குச்சியை நனைத்துப் பார்க்கும்போது 'ஆல்புமின் இல்லை' என்றே வரும், ஏனென்றால் அந்தக் குச்சிக்கு இந்தச் சிறிய அளவு பெரும்பாலும் தட்டுப்படாது. 'யூரின் பாத்தாச்சு, நார்மல்தான்' என்று சொல்பவர்களிடம், எந்த யூரின் டெஸ்ட் என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

காய்ச்சல் இருந்தாலும், சிறுநீர்த் தொற்று இருந்தாலும், முந்தின நாள் கடுமையாக உடற்பயிற்சி செய்திருந்தாலும், மாதவிலக்கு நாட்களிலும் ஆல்புமின் தற்காலிகமாக ஏறும். அதனால் ஒருமுறை அதிகமாக வந்ததும் முத்திரை குத்திவிட மாட்டார்கள். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று தடவை பார்த்து இரண்டில் அதிகம் என்றால்தான் கசிவு உறுதி. காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரே நல்லது. டைப் 2 சர்க்கரை நோயாளிகளுக்கு நோய் தெரிந்த அன்றே முதல் சோதனை, பிறகு ஆண்டுதோறும். டைப் 1 என்றால் நோய் வந்து ஐந்து ஆண்டுகள் கழித்து.

இரண்டாவது எண், வடிகட்டும் வேகம். இதைக் கிரியாட்டினினிலிருந்து கணக்கிடுகிறார்கள். ரிப்போர்ட்டில் இஜிஎஃப்ஆர் என்று இருக்கும். நம் ஊரில் கிரியாட்டினினை 'உப்பு' என்கிறோம். உண்மையில் அது தசையிலிருந்து வரும் கழிவு. தசை அதிகமுள்ளவருக்கு அதிகமாகவும் மெலிந்தவருக்குக் குறைவாகவும் இருக்கும். கிரியாட்டினின் 1.1 என்று இரண்டு தாள்களில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 25 வயது இளைஞர். 2021இல் வெளியான கணக்கீட்டு முறைப்படி அவரது வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 95 மில்லிலிட்டர். மற்றவர் 65 வயது அம்மா. அவருக்கு ஏறத்தாழ 56. மூன்று மாதத்துக்கு மேல் 60க்குக் கீழே நின்றால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். அதே 1.1, ஒருவருக்குக் கவலையே இல்லை, மற்றவருக்கு நோய் தொடங்கிவிட்டது. பெண்களிடமும் வயதானவர்களிடமும் 'உப்பு நார்மல்' என்ற ஆறுதல் எவ்வளவு பேரை ஏமாற்றியிருக்கும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

இவ்வளவு சொன்னதால் ஸ்கேனே வேண்டாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதற்கு உரிய கேள்வியைக் கேட்டால் அதைப் போல் பதில் சொல்லும் சோதனை வேறு இல்லை.

கிரியாட்டினின் திடீரென்று ஏறுகிறது என்றால் முதலில் செய்ய வேண்டியது ஸ்கேன்தான். சிறுநீர் இறங்கும் வழியில் கல்லோ, புராஸ்டேட் வீக்கமோ அடைத்திருந்தால் சிறுநீரகம் நீர் கோத்து விரிந்திருப்பது படத்தில் உடனே தெரியும். அடைப்பை எடுத்தால் சிறுநீரகம் மீளும், தாமதித்தால் மீளாது. சர்க்கரை நோயாளிகளுக்கு இதில் தனிக் காரணம் ஒன்று உண்டு. பாதத்தில் உணர்ச்சி மழுங்குவதைப் போலவே மூத்திரப்பையின் நரம்பும் மழுங்கும். பை நிறைந்தது தெரியாது. போனாலும் முழுதாகக் காலியாகாது. மிச்சம் நிற்கும் சிறுநீரில் தொற்று வளரும். அழுத்தம் மேலே ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்கேன் அறையில் 'போய்ச் சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள், மறுபடி பார்க்க வேண்டும்' என்று சொல்வது அந்த மிச்சத்தை அளப்பதற்குத்தான். பலர் அதை அலுப்பாக நினைத்துக் கிளம்பிவிடுகிறார்கள். சர்க்கரை நோயாளி மட்டும் தயவுசெய்து இருந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

குளிர் காய்ச்சலோடு விலாப்புறம் வலித்தால் அதுவும் ஸ்கேனுக்கு உரிய நேரம். சிறுநீரகத்துக்குள்ளேயே கிருமிகள் வாயு உண்டாக்கும் ஒரு கொடிய தொற்று இருக்கிறது. அது வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் சர்க்கரை நோயாளிகள். ஸ்கேனில் சந்தேகம் எழுந்ததும் சிடி எடுத்து உறுதி செய்வார்கள். அங்கே மணிக்கணக்கு முக்கியம்.

இரண்டு சிறுநீரகங்களுக்கும் நீளத்தில் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தால், சிறிய பக்கத்துத் தமனி குறுகியிருக்கலாம் என்று மருத்துவர் யோசிப்பார். சில ரத்த அழுத்த மாத்திரைகளை அப்போது கவனமாகத் தர வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு வரும் சிறுநீரக நோயெல்லாம் சர்க்கரையால் வந்ததும் அல்ல. கண்ணின் விழித்திரை சுத்தமாக இருக்க, புரதம் மட்டும் திடீரென்று கொட்டுகிறது, அல்லது சிறுநீரில் ரத்த அணுக்கள் தெரிகின்றன என்றால் வேறு நோயைத் தேட வேண்டும். அப்போது ஊசி மூலம் திசு எடுப்பார்கள். ஊசி எங்கே போகிறது என்று காட்டுவதும் ஸ்கேன்தான். சாதாரண நீர்க்கட்டி, 3 மில்லிமீட்டர் துகள் என்று அறிக்கையில் வருவனவற்றில் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாதவை. அதற்காக வாழைத்தண்டுச் சாற்றைத் தினமும் குடிக்கத் தொடங்குபவர்கள், வடிகட்டும் வேகம் குறைந்திருந்தால் அதிலுள்ள பொட்டாசியமே சுமையாகும் என்பதை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

சீக்கிரம் கண்டுபிடித்து என்ன பயன் என்று சலித்துக்கொள்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் அந்தச் சலிப்பில் நியாயம் இருந்தது. ஆனால் 1993இல் கேப்டோபிரில், 2001இல் லோசார்டன், இர்பிசார்டன் ஆகிய ரத்த அழுத்த மாத்திரைகள் சர்க்கரை நோயில் சிறுநீரகம் கெடுவதைத் தாமதப்படுத்தும் என்று பெரிய ஆய்வுகள் நிறுவின. 2019இல் கேனக்ளிஃப்ளோசின், 2020இல் டாபாக்ளிஃப்ளோசின், அதே ஆண்டில் ஃபினெரெனோன், 2024இல் செமக்ளூடைட் என்று வரிசையாக மேலும் பல மருந்துகளுக்கு அதே சான்று கிடைத்துவிட்டது. இந்த மருந்துகள் இழந்த வடிகட்டிகளைத் திருப்பித் தருவதில்லை, மிச்சமிருப்பதைக் காக்கும். மிச்சம் நிறைய இருக்கும்போது தொடங்கினால் காப்பதற்கும் நிறைய இருக்கும். ஸ்கேனில் வெளுப்புத் தெரியும் வரை காத்திருந்தவரிடம் அந்த மிச்சம் குறைந்துபோயிருக்கும்.

சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி என்றது அது. இத்தனை பேருக்கும் ஆண்டுதோறும் ஸ்கேன் எடுப்பது நடக்கிற காரியமல்ல, தேவையும் அல்ல. நம் நாட்டில் ஸ்கேன் கருவியை நினைத்த ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. பெண் கருக்கொலையைத் தடுக்க 1994இல் வந்த சட்டத்தின் கீழ் ஒவ்வொரு கருவியும் பதிவு செய்யப்பட்டு, அனுமதித்த இடத்தில்தான் இயங்க வேண்டும். சிசுவின் பாலினம் இங்கே தெரிவிக்கப்பட மாட்டாது என்று ஒவ்வொரு ஸ்கேன் சென்டர் வாசலிலும் பலகை இருப்பது அந்தச் சட்டத்தால்தான். அது நியாயமான காரணத்துக்கு வந்த சட்டம், தளர வேண்டியதில்லை. ஆனால் சிறுநீர் டப்பாவுக்கு எந்தப் பதிவும் வேண்டாம். அது மலைக்கிராமத்துக்கும் போகும், கட்டட வேலை நடக்கும் இடத்துக்கும் போகும். தமிழக அரசு 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறது. மாத்திரை கொண்டுவரும் அந்தக் கையே ஆண்டுக்கு ஒருமுறை ஆல்புமின் சோதனைக்கான டப்பாவையும் கொண்டுவர வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை. தனியார் ஆய்வகங்களின் 'மாஸ்டர் செக்கப்' பலவற்றில் வயிற்று ஸ்கேன் இருக்கிறது, ஏசிஆர் இல்லை. இது மாறியாக வேண்டும்.

கணினி நாளை இந்த நிலையை மாற்றிவிடுமா? தைவானில் 2019இல் ஒரு குழு, 4,505 சிறுநீரக ஸ்கேன் படங்களைக் கணினிக்குக் காட்டி, படத்தைப் பார்த்தே வடிகட்டும் வேகத்தைச் சொல்லப் பழக்கியது. 60க்கு மேலா கீழா என்று பிரிப்பதில் 85 சதவீதத்துக்குச் சற்று மேல் சரியாகச் சொன்னது. மனிதக் கண் தவறவிடும் நுண்ணிய வேறுபாடுகள் படத்தில் இருக்கின்றன என்பதற்கு அது நல்ல சான்று. வரவேற்க வேண்டிய முயற்சிதான். ஆனால் அதுவும் வேகம் குறைந்த பிறகுதான் பேசும். வேகம் 95ஆக இருக்கும்போதே கசியத் தொடங்கிவிட்ட ஆல்புமினை அது காட்டாது.

சித்தப்பா இப்போது வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் போகிறார். அவர் மகளுக்கு 46 வயது. சர்க்கரை வந்து மூன்று ஆண்டு. அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தால் பிள்ளைக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், போன ஆடியில் நான்தான் வற்புறுத்தி ஏசிஆர் பார்க்க வைத்தேன். முதல் தடவை 84. இரண்டு மாதம் கழித்து 71. வடிகட்டும் வேகம் முழுதாக இருக்கிறது. ஸ்கேனும் எடுத்தாள், அளவும் வடிவமும் இயல்பு, கல் இல்லை, அடைப்பு இல்லை. "அண்ணா, ஸ்கேன் நல்லாத்தானே இருக்கு, மாத்திரை எதுக்கு?" என்று போனில் கேட்டாள். அப்பாவின் ஃபைலில் முதல் பக்கத்தை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். மாத்திரை தொடங்கியாகிவிட்டது. மூன்று மாதம் கழித்து, தையில் மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். காலை முதல் சிறுநீர் என்பதால் டப்பாவை இப்போதே வாங்கிக் குளியலறை அலமாரியில் வைத்துவிட்டாளாம்.